பேரில்லாத ஐம்பத்தொன்பது

டோர்ட்மண்ட்
04.10.2003

அன்புள்ள அன்ரனிற்றா அக்காவுக்குத் தம்பி செல்வரட்ணம் எழுதிக்கொள்வது. அந்தோனியாற்ற புண்ணியத்தில நானும் உங்கட மகன் டெஸ்மனும் நல்ல சுகம். உங்கட காது எப்பிடி? ஆமியின்ர செல் வெடிச்சுப் போன காதுதானே எண்டு விட்டிடாதேங்கோ, டொக்டரிட்டக் காட்டுங்கோ. உங்களோட போனில கதைக்க ஏலாதெண்டபடியால் இப்பிடிப் பக்கம் பக்கமா எழுதி எனக்குக் கை உளையுது.

இந்தமுறை ஒரு படம் வைச்சிருக்கிறன். ஆரெண்டு தெரியுதோ? பதின்மூண்டு வருசத்துக்கு முந்தி, ஒன்பது வயசில நீங்கள் என்னட்ட அனுப்பின நோஞ்சான்தான். இப்ப ஆறடி ரெண்டு அங்குலம். ஐஸ் ஹொக்கி எண்டு ஒரு விளையாட்டு. சப்பாத்துக்குக் கீழ கத்தி பூட்டி ஐஸில ஓடி, மட்டையால ஒரு றப்பர் வட்டை அடிக்கிறது. அவன் அதைச் சம்பளத்துக்கு விளையாடுறான் அக்கா, சும்மா இல்லை. நானும் அதே கிளப்பிலதான் வேலை. உடுப்புத் தோய்க்கிறது, கிழிஞ்சதைத் தைக்கிறது, கத்தி தீட்டுறது எல்லாம் நான். ஜேர்சியின்ர முதுகில 26 எண்டு பெரிசாக் கிடக்குதே, அதுவும் என்ர கையால தைச்சது. ஏன்ரா 26 கேட்டனீ எண்டு விசாரிச்சன், சிரிச்சுப்போட்டுப் போயிட்டான்.

குளிர் துவங்கிட்டுது. உங்கட பாட்டை எழுதுங்கோ.

இப்படிக்கு
தம்பி செல்வம்


பாசையூர்
27.10.2003

அன்பின் தம்பி செல்வத்துக்குக் கொக்கா அன்ரனிற்றா எழுதிறது. மழை பிடிச்சிட்டுது, குசினிக் கூரை ஒழுகுது, மற்றும்படி ஆண்டவர் வைச்ச இடத்தில சுகமாத்தான் இருக்கிறன். நீ சளி பிடிக்காமல் கழுத்துக்குத் துணி சுத்திக்கொண்டு திரி.

படத்தைக் கண்டு முதல் அழுதன். பேந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாத்தன். அடேய், அவன்ர மூக்கு ஏன் கோணிக் கிடக்கு? மேல்வரிசையில ரெண்டு பல்லு எங்க? கழுத்தடியில கறுப்பாக் கிடக்கிற கறை என்ன? நான் லொறியில ஏத்தேக்கை மூக்கு நேராத்தான் இருந்தது. அவனுக்கு முகம் கழுவிவிட்டவள் நான், எனக்குத் தெரியாதோ?

26 எண்டால் எனக்கு விளங்குது. ஆவணி இருபத்தாறு விடியத்தான் உன்னட்ட அனுப்பவெண்டு அவனை அந்த லொறியில ஏத்தினனான். உனக்குச் சொல்லாமல் சிரிச்சிருக்கிறான். இது என்ன விளையாட்டு எண்டு ஒளிக்காமல் எழுது.

இப்படிக்கு
கொக்கா


டோர்ட்மண்ட்
15.11.2003

அன்புள்ள அக்காவுக்கு, சுகம். நீங்களும் அப்பிடியே இருக்கவேணும். கூரைக்குத் தகரம் போடச் சொல்லி ஆளைப் பிடியுங்கோ.

சரி, முழுப்பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கேலாது. டெஸ்மன் கோல் அடிக்கிற ஆள் இல்லை. ஒவ்வொரு குழுவிலயும் அடிபிடிக்கெண்டே ஒருத்தன் இருப்பான். எங்கட சின்னப் பெடியள் ஆரையும் எதிராளி மட்டையால கொத்தினால், இவன் இறங்கித் திருப்பிக் குடுக்கவேணும். அதுதான் அவன்ர வேலை, அதுக்குத்தான் சம்பளம்.

போன வெள்ளி நடந்ததைக் கேளுங்கோ. அவங்கட நாலாம் நம்பர் எங்கட கோல் காக்கிற பெடியனுக்கு முழங்கையால இடிச்சிட்டான். டெஸ்மன் கையுறையைக் கழட்டி எறிஞ்சிட்டுப் போய், அவன்ர ஜேர்சியைப் பிடரியில பிடிச்சுத் தலைக்கு மேலால இழுத்தான் பாருங்கோ! கண் மறைஞ்சு போச்சு அவனுக்கு. வலக்கையால ஏழெட்டுக் குத்து. மூக்கு உடைஞ்ச சத்தம் பெஞ்சுக்குப் பின்னால நிண்ட எனக்கே கேட்டது. இரத்தம் ஐஸில விழுந்தவுடன உறைஞ்சிடும், ஒருத்தன் மண்வெட்டி மாதிரி ஒண்டைக் கொண்டுவந்து சுரண்டிக்கொண்டு போவான். நாலாயிரம் சனம் எழும்பி நிண்டு "இருபத்தாறு! இருபத்தாறு!" எண்டு கத்துது. எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது அக்கா. உங்கட பிள்ளையைத்தான் கத்துதுகள்! தண்டனை எண்டு பாத்தால் அஞ்சு நிமிசம் ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருத்தி வைப்பினம், அவ்வளவுதான்.

எதிராளியளின்ர பேர் எங்களுக்குத் தெரியாது, தேவையுமில்லை. நாலை இறுக்கு, பதினொண்டை விடாதை எண்டுதான் பெஞ்சில நிண்டு கத்துறது. நான்தான் எல்லாரையும்விடப் பலமாக் கத்துறது.

பயப்பிடாதேங்கோ. அவனை வெல்ல இஞ்ச ஆள் இல்லை.

தம்பி செல்வம்


பாசையூர்
06.12.2003

செல்வம்,

சுகம் விசாரிக்க எனக்கு மனமில்லை. நீ சுகமாத்தான் இருப்பாய். வெக்கம் கெட்டவனே, பெத்தவளுக்கு எழுதிற காகிதமோ அது?

அவன்ர தேப்பனைக் கடலில சுட்டு மூண்டாம் மாதம் பிள்ளையை உன்னட்ட அனுப்பினனான். ஏன் அனுப்பினனான்? இஞ்ச நிண்டால் ஒருநாள் ஆரையும் அடிப்பான், இல்லாட்டி அடிபட்டுச் சாவான் எண்டுதான். அடிக்காத கையா வளரட்டும் எண்டு இருந்த தாலிக்கொடியையும் வித்து அனுப்பினன். நீ அவனுக்கு மூக்குடைக்கப் பழக்கிச் சம்பளமும் வாங்கிக் குடுக்கிறாய். அந்த நாலாம் நம்பருக்கும் ஒரு தாய் இருப்பாளடா! அவள் பிள்ளையின்ர மூக்கைப் பாத்து என்ன செய்திருப்பாள்?

இந்தக் காகிதம் கண்ட உடன அவனை அதில இருந்து எடு. ஏலாதெண்டு சொல்லாதை. பேக்கரியில மா பிசையட்டும், றோட்டுக் கூட்டட்டும். நான் சொன்னதெண்டு சொல்லு, கேப்பான்.

அன்ரனிற்றா


டோர்ட்மண்ட்
29.12.2003

அன்புள்ள அக்காவுக்கு,

நத்தார் வாழ்த்துகள். நாங்கள் சுகம். உங்கட காகிதம் இருபத்திரண்டாம் திகதிதான் கைக்கு வந்தது.

டெஸ்மன் விளையாட்டை விட்டிட்டான். நீங்கள் சொன்னமாதிரியே. இனி ஐஸில ஏறமாட்டான்.

உங்களுக்கு ஒரு கம்பளியும் மருந்தும் அனுப்பியிருக்கிறன். வேற விசேசம் ஒண்டும் இல்லை.

செல்வம்


பாசையூர்
20.01.2004

என்ர தங்கத் தம்பிக்கு,

உன்ர வாயில சீனி போடவேணும். கம்பளி கிடைச்சது, மருந்தும் கிடைச்சது, அதையெல்லாம்விட அந்த ஒரு வரி கிடைச்சது. நான் போன காகிதத்தில ஏசினதை மனசில வைச்சிருக்காதை, பெத்த வயிறு பத்தி எரிஞ்சு எழுதினது.

ஞாயிறு அந்தோனியார் கோயிலில நன்றிப் பூசை ஒப்புக்குடுத்தன். சுவாமியார் பீடத்தில நிண்டு அவன்ர பேரைச் சொன்னவர். எனக்குக் காது கேளாட்டியும் வாய் அசைவில கண்டுகொண்டன். "தாய் சொன்ன உடன விட்டிட்டானாம்" எண்டு தெருவெல்லாம் சொல்லித் திரியிறன். சனம் எனக்கு விசரெண்டு நினைக்குது, நினைக்கட்டும்.

அவனை ரெண்டு வரி எழுதச் சொல்லு. கையெழுத்தைக் கண்டு கனகாலம்.

கொக்கா


பாசையூர்
14.03.2004

செல்வம்,

ரெண்டு மாதமா உன்னட்ட இருந்து ஒரு துண்டும் இல்லை. நான் சுகம், நீ சுகமோ தெரியாது.

உங்க டோர்ட்மண்டில இருக்கிற எங்கட ஊர்க் கொறற்றி தன்ர தங்கச்சிக்கு ஒரு பேப்பர்த் துண்டு அனுப்பியிருக்கிறாள். தங்கச்சிக்காரி அதைக் கொண்டுவந்து என்ர மடியில போட்டாள். ரெண்டு படம். ஒண்டில, பெரிய மண்டபத்துக் கூரையில 19 எண்டு ஒரு சட்டையைக் கயித்தில ஏத்துகினம், கீழ சனம் அழுதுகொண்டு நிக்குது. மற்றதில, ஒரு பெடியன் ஐஸில குப்புறக் கிடக்கிறான், பக்கத்தில ஒருத்தன் முதுகு காட்டிக்கொண்டு நிக்கிறான். ஓரத்தில கொறற்றி எழுதியிருக்கிறாள்: "அன்ரனிற்றாக்காவின்ர டெஸ்மன் அடிச்சுச் செத்த பிள்ளை."

நான் அவளை ஏசிக் கலைச்சுப்போட்டன். ஏனெண்டால் கண்ணாடி போட்டு வடிவாப் பாத்தன். நிக்கிறவன்ர முதுகில 59 எண்டு கிடக்கு. பேரும் இல்லை. என்ர பிள்ளை 26. நீதானே உன்ர கையால தைச்சனீ? இது வேற ஆரோ. கொறற்றிக்குச் சின்னனில இருந்தே எரிச்சல் புத்தி.

59 என்ர பிள்ளை இல்லையெண்டு ஒரு வரி எழுதிவிடு. அந்த ஒரு வரி போதும் எனக்கு. அதோட, ஏன்ரா சட்டையைக் கூரையில கட்டினவை?

கொக்கா


டோர்ட்மண்ட்
22.05.2004

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கட காகிதத்தை எட்டுக் கிழமையா மேசை லாச்சிக்குள்ள பூட்டி வைச்சிருந்தன். 59 வேற ஆள் எண்டு ரெண்டு தரம் எழுதி, ரெண்டு தரமும் கிழிச்சன்.

59 டெஸ்மன்தான்.

மார்கழி ஏழாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அவையளின்ர மண்டபத்தில. பத்தொன்பதாம் நம்பர் பெடியன் திரும்பேக்கை மட்டை எழும்பி டெஸ்மனின்ர புருவத்தைப் பிளந்துபோட்டுது. ஜேர்சியின்ர முன்பக்கம் முழுக்க இரத்தம். இரத்தம் பட்ட ஜேர்சியோட ஐஸில நிக்க விடமாட்டினம், அது சட்டம். அதுக்கெண்டு நான் எப்பவும் பேர் தைக்காத ஜேர்சி ஒண்டு பெட்டியில கொண்டுதிரிவன், நம்பர் 59. உடுப்பு மாத்திற அறையில டொக்டர் ஆறு தையல் போட்டிட்டுப் போனார். நான் 26ஐக் கழட்டி 59ஐப் போட்டு அனுப்பினன்.

திரும்ப ஏறி ஒரு நிமிசம் இல்லை. பத்தொன்பது ஐஸைச் சுத்தி அடிச்சிருக்கிற பலகைச் சுவரைப் பாத்தபடி குனிஞ்சு வட்டை எடுக்கிறான். டெஸ்மன் நடு ஐஸில இருந்து முழு ஓட்டத்தில வந்து பின்னால இடிச்சான். தலை பலகையில மோதி, கழுத்து முறிஞ்சுது. விழுந்தவன் கை ஊண்டேல்லை. சப்பாத்துக் கத்தி மட்டும் கொஞ்ச நேரம் ஐஸில தட்டிக்கொண்டு கிடந்தது. அவ்வளவு சனத்துக்குள்ளயும் அந்தச் சத்தம் கேட்டது. டொக்டர்மார் அவனை நிமித்திப்போட்டுக் கத்தரிக்கோலால ஜேர்சியை அடியில இருந்து கழுத்துவரை வெட்டினவை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்து செத்தான். பேர் தொபியாஸ். இருபத்திமூண்டு வயசு. தாய்க்கு ஒரே பிள்ளை. டெஸ்மன் விளையாட்டை விட்டது அதாலதான், உங்கட காகிதத்தால இல்லை. நான் அப்ப உங்களுக்கு அதைச் சொல்லேல்லை.

பொலிசும் அரச வழக்கறிஞரும் விசாரிச்சு, விளையாட்டில நடந்த விபத்தெண்டு மூடிப்போட்டினம். அது விபத்துத்தான் அக்கா.

சட்டை கட்டுறது ஒரு முறை. ஒரு ஆளுக்குப் பெரிய மரியாதை செய்யவேணுமெண்டால் அவன்ர நம்பரை அந்தக் கிளப்பில இனி ஒருத்தருக்கும் குடுக்கமாட்டினம். புதுசா ஒரு ஜேர்சி தைச்சுக் கூரையில ஏத்திவிடுவினம், காலத்துக்கும் அங்க தொங்கும். வழக்கமா நரைச்ச பிறகுதான் ஒருத்தனுக்கு அது கிடைக்கும். எங்கட பக்கத்தில 26ஐயும் ஒருத்தரும் போடினம் இல்லை. வாற பருவத்துக்கு வந்த ஒரு பெடியனுக்குக் குடுத்தன், கையில வாங்கிப் பாத்துப்போட்டுத் திருப்பித் தந்தான். அது பெட்டிக்குள்ள கிடக்கு.

டெஸ்மன் தைமாதமே வீட்டை விட்டுப் போயிட்டான். பக்கத்து நகரம் பொகுமில ஒரு அறை எடுத்து, ஒரு சாமான் குடோனில வேலை செய்யிறான். என்னோட கதைக்கிறேல்லை.

செல்வம்


பாசையூர்
12.06.2004

செல்வம்,

அழுது முடிச்சுப்போட்டுத்தான் எழுதிறன். மார்கழியில ஒருத்தியின்ர பிள்ளை செத்திருக்கு, தையில நான் நன்றிப் பூசை வைச்சிருக்கிறன். உன்னாலதான்ரா. இனி எந்த முகத்தோட அந்தக் கோயிலுக்குள்ள போறது?

உன்ர காகிதத்தை நாலுதரம் வாசிச்சன். எத்தினை தையல் எண்டு எழுதியிருக்கிறாய், கத்தி தட்டின சத்தத்தையும் எழுதியிருக்கிறாய். ஆனால் ஜேர்சி மாத்தின நேரம் நீ என்ன கதைச்சனீ எண்டு ஒரு சொல்லும் இல்லை. வாயை மூடிக்கொண்டோ மாத்தினனீ? நீயோ? சின்னனில கடற்கரைச் சண்டையில கல்லுப் பொறுக்கிக் குடுக்கிறது நீ. எறியிறது வேற பெடியன், அடி வாங்கிறதும் அவன். நீ ஓடிவந்து என்ர பாவாடைக்குப் பின்னால நிப்பாய். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுறவன் எண்டு அம்மா உன்னைத்தான் சொல்லுவா.

பதின்மூண்டு வருசம் உன்ர கையால திண்ட பிள்ளை ஏன் உன்னோட கதைக்காமல் போனவன்? அந்த அறையில நீ என்ன சொன்னனீ?

அன்ரனிற்றா


டோர்ட்மண்ட்
10.07.2004

அக்கா,

சுகமெண்டு எழுதினால் பொய். ஏழு மாதமா வடிவா நித்திரை இல்லை.

அந்த அறையில நானும் அவனும்தான். 26ஐத் தலையால கழட்டேக்கை அவன் சொன்னான்: "மாமா, தலை சுத்துது. நான் இண்டைக்கு இனி ஏறேல்லை." அப்பிடியே சொன்னவன் அக்கா. மர வாங்கில சரிஞ்சு இருந்திட்டான். நான் ஓமெண்டு சொல்லியிருந்தால் போதும். மாத்து ஜேர்சியைக் காணேல்லை எண்டு ஒரு பொய் சொல்லியிருந்தாலும் காணும்.

வெளியில அவங்கட சனம் எங்களைப் பாத்துச் சிரிக்குது. எனக்குக் கண் மண் தெரியாத கோவம். அவன்ர தலையை 59க்குள்ளால இழுத்துவிட்டு, பிடரியைப் பிடிச்சுக் காதுக்குள்ள சொன்னன்: "நீ என்ன பொம்பிளையோ? ஏறு. பத்தொன்பதை விடாதை."

அந்தப் பிள்ளையின்ர பேர் எனக்குத் தெரியாது அக்கா. நம்பர்தான் தெரியும். நம்பரைச் சொல்லுறது எவ்வளவு லேசு.

விசாரணையில டெஸ்மனைத் துருவித் துருவிக் கேட்டினம், ஆராவது ஏதாவது சொன்னவையோ எண்டு. இல்லையெண்டு சொல்லிப்போட்டான். நான் பக்கத்துக் கதிரையில குந்தி இருந்தனான். வாய் திறக்கேல்லை. எங்கட குழுவிலயும் ஒரு பத்தொன்பது இருக்கு. அவன்ர ஜேர்சியை நம்பர் தெரியாமல் உள்பக்கமாப் புரட்டித்தான் மடிக்கிறன்.

இப்ப உங்களுக்குச் சொல்லிப்போட்டன். ஏசுங்கோ.

செல்வம்


பாசையூர்
01.08.2004

செல்வம்,

ஏச என்னட்ட மூச்சு இல்லை. எனக்குச் சொல்லி என்ன? செத்தது என்ர பிள்ளையோ?

உன்ர அத்தானைக் கடலில சுட்டது ஆரெண்டு எனக்கு இண்டைவரை தெரியாது. பதினாலு வருசம். ஒருத்தனும் வந்து "நான்தான்" எண்டு சொல்லேல்லை. வந்தால் என்ன செய்வன் எண்டும் எனக்குத் தெரியாது. வெட்டுவனோ, விழுந்து அழுவனோ. ஆனால் படலை சத்தம் போட்டமாதிரி இருந்தால் இப்பவும் திரும்பிப் பாக்கிறன், இந்தச் செவிட்டுக் காதோட.

போ. அந்தத் தாயிட்டப் போ. டெஸ்மனைக் கையில காலில விழுந்தெண்டாலும் கூட்டிக்கொண்டு போ. அவனுக்கு முன்னால உன்ர வாயால சொல்லு. சொல்லாமல் எனக்குக் காகிதம் போடாதை.

கொக்கா


டோர்ட்மண்ட்
26.08.2004

அன்புள்ள அக்காவுக்கு,

போனனான். அதாலதான் எழுதிறன்.

முதலில டெஸ்மன் கதவைத் திறக்கேல்லை. உங்கட காகிதத்தைக் கதவுக்குக் கீழால தள்ளிவிட்டன். கனநேரம் கழிச்சுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தான். றெயினில உங்கட காகிதத்தைத் திரும்பவும் வாசிச்சான்.

தொபியாஸின்ர தாய் அம்பத்தஞ்சு வயசுப் பொம்பிளை, உங்கட வயசுதான். கதவைத் திறந்து டெஸ்மனைக் கண்டதும் நிலையைப் பிடிச்சுக்கொண்டா. மூடப்போறா எண்டு நினைச்சன், உள்ள விட்டா. குசினி மேசையில இருந்தம். நான் எல்லாத்தையும் சொன்னன். நான் உடுப்புக்காரன் எண்டதை, அவன் ஏறேல்லையெண்டு சொன்னதை, நான் ஏத்தி அனுப்பினதை.

என்ன சொன்னனீங்கள் எண்டு கேட்டா. ஜேர்மன் மொழியில சொன்னன். அப்பிடி இல்லை, அண்டைக்குச் சொன்ன மாதிரி உங்கட மொழியில சொல்லுங்கோ எண்டா. "பத்தொன்பதை விடாதை" எண்டு சொன்னன். அவன்ர பேர் தொபியாஸ், பேரைப் போட்டுச் சொல்லுங்கோ எண்டா. எனக்குத் திரும்பவும் பத்தொன்பதெண்டுதான் வந்தது. சொல்லுங்கோ எண்டு கத்தினா. "தொபியாஸை விடாதை" எண்டு சொன்னன். எழும்பி வந்து கையைப் பொத்தி என்ர வாயில குத்தினா. சொண்டு கிழிஞ்சு மேசையில இரத்தம் விழுந்தது. டெஸ்மன் எழும்பேல்லை. மேசையில தலையை வைச்சு, சின்னனில இஞ்ச வந்த முதல் கிழமை அழுத மாதிரி அழுதான்.

அவ அவன்ர தலையைக் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டா. "நீ இனி வரவேண்டாம். போய் உன்ர தாய்க்கு எழுது" எண்டா. நீங்கள்தான் எங்களை அனுப்பினதெண்டு நான் முதலே சொல்லியிருந்தன்.

பேந்து உள்ள போய் ஒரு பை கொண்டுவந்தா. கூரையில தொங்குறது புதுசா ஒருத்தரும் போடாத ஜேர்சி. இது அவன் போட்டிருந்தது. முதுகில 19 முழுசாக் கிடக்கு, முன்பக்கம் அடியில இருந்து கழுத்துவரை வெட்டு. நீங்கள் தைக்கிறனீங்கள்தானே, தையுங்கோ எண்டு ஊசியும் நூலும் தந்தா. ரெண்டு மணித்தியாலம் இருந்து தைச்சன், சொண்டில இருந்து இரத்தம் விழாமல் கைலேஞ்சியைக் கடிச்சுக்கொண்டு. என்ர வாழ்க்கையில அவ்வளவு நுணுக்கமா நான் தைச்சதில்லை. நூல் தெரியாது அக்கா, தடவிப் பாத்தாலும் தெரியாது.

அவ கையில வாங்கி விரலால நீளத்துக்கும் தடவினா. வடிவாத் தைச்சிருக்கிறியள் எண்டா. எண்டுபோட்டு லாச்சியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்து, அடியில இருந்து கழுத்துவரை அந்தத் தையலைத் திரும்ப வெட்டினா.

"அடுத்த மாதமும் வாங்கோ" எண்டு சொன்னா. "திரும்பத் தையுங்கோ."

டெஸ்மன் உங்களுக்கு எழுதத் துவங்கியிருக்கிறான், முதல் பக்கம் முடிஞ்சுதாம். நான் கிளப் வேலையை விட்டிட்டன்.

உங்கட உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ. நான் வாற மாதம் போறன். நூல் வாங்கி வைச்சிருக்கிறன்.

இப்படிக்கு
தம்பி செல்வம்